சாய்வான கூரைக்கு ஓடு ஏற்றுதல்: சுமை கைமாறும் இடத்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபுறமும் ஏறத்தாழ 40 டிகிரி சாய்ந்த கூரை. அதன் இறவாணம், அதாவது கீழ் விளிம்பு, தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரேன் உள்ளே வர வழியில்லை. 1,400 களிமண் ஓடுகளையும் பின்பக்கச் சாய்ப்புக்கான 20 தகடுகளையும் மூன்று பேர் சேர்ந்து மேலே ஏற்ற வேண்டும். கப்பி ஒன்று கைவசம் இருக்கிறது. எத்தனை மில்லிமீட்டர் கயிறு வாங்கினால் அறுந்துவிடாமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது கயிற்றைப் பற்றிய கேள்விதான் என்றாலும், யாரும் கீழே விழாமலும் யார் தலையிலும் எதுவும் விழாமலும் இந்த வேலையை முடிக்க முடியுமா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூரை வேலைகளை மேற்பார்வை செய்து வருபவன். கட்டடப் பொறியாளர் அல்லன். ஆகவே சுமை, கயிறு, சாரம், வேலை ஒழுங்கு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் கூரையின் மரங்கள் எவ்வளவு தாங்கும் என்பதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அதைப் பற்றிக் கடைசியில் தனியே எழுதுகிறேன்.

கயிற்றைப் பற்றிய விடையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஒரு தடவைக்கு 20 முதல் 25 கிலோ வரை ஏற்றுவதாக இருந்தால், புதிய 12 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் அல்லது நைலான் கயிறு தாராளமாகப் போதும். அது அறுவதற்கு 1,000 கிலோவுக்கு மேல் வேண்டும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும், கப்பியில் தேயும், வெயிலில் நாளாக நாளாக நொறுங்கும் என்றெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் பத்து மடங்குக்கு மேல் இருப்பு மிஞ்சுகிறது. கயிறு 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று நான் சொல்வது கைப்பிடிக்காகவே. மெல்லிய கயிறு உள்ளங்கையில் வெட்டும், வியர்த்த கையில் நழுவும், அதற்குப் பயந்து ஆட்கள் அதைக் கையில் சுற்றிக்கொள்வார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். கப்பியின் சக்கரம் கயிற்றின் தடிமனைப்போல் எட்டு மடங்காவது விட்டம் கொண்டதாக, அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். கயிறு பள்ளத்தைவிட்டு விலகிப் பக்கவாட்டில் சிக்காதபடி இருபுறமும் மூடியிருப்பது நல்லது.

ஆனால் நான் பார்த்த விபத்துகளிலும், நூலிழையில் தப்பியவற்றிலும், கயிறு அறுந்து நடந்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை சுமை மேலே போய்ச் சேர்ந்த பிறகு, அதைக் கயிற்றிலிருந்து கைக்கு வாங்கும் அந்த மூன்று நான்கு நொடிகளில் நடந்தவை. அதுவரை சுமையின் எடை கயிற்றில் இருந்தது. அதற்குப் பிறகு கூரையில் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அது ஒரு மனிதனின் நீட்டிய கைகளில் இருக்கிறது. அந்த மனிதன் நிற்பதோ சாய்தளத்தின் விளிம்பில். எனவே ஏற்றுவது எப்படி என்பதோடு வாங்குவது எப்படி, வாங்கியதை எங்கே வைப்பது என்றும் திட்டமிட வேண்டும் என்பதே என் பதிலின் சாரம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையில் கப்பியை இறவாணத்துக்கு ஒரு முழ உயரத்தில் கட்டும்படி நானே சொன்னேன். அதற்கு மேலே கட்ட அப்போது வசதியான மரம் இல்லை. ஓட்டுத் தட்டு கப்பியை முட்டும் வரை மேலே வந்தாலும், அதன் அடிப்பாகம் கூரை விளிம்புக்குக் கீழேயே நின்றது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் தொங்கியது. மேலே இருந்த இளைஞர் ஒவ்வொரு தடவையும் குனிந்து, இடது கையால் ரீப்பரை (ஓடு மாட்டும் குறுக்குப் பட்டையை) பிடித்துக்கொண்டு, வலது கையால் தட்டை உள்ளே இழுத்தார். முப்பது நாற்பது தடவை அப்படியே நடந்தது. அடுத்த தடவை அவர் இழுத்த அதே நொடியில் கீழே இருந்தவர் கயிற்றை அரை அடி தளர்த்தினார். தட்டு உள்ளே வராமல் கீழே இறங்கியது. இளைஞரின் உடல் அதோடு போனது. காலடியில் கிடந்த ஓட்டுத் தூள் மணிகளைப்போல உருண்டு, பாதம் வழுக்கி, மார்பு விளிம்பு மரத்தில் மோதி நின்றது. அவர் தட்டை விட்டுவிட்டதால் பிழைத்தார். எட்டு ஓடுகளும் கீழே சிதறின. கீழே இருந்தவர் கயிற்றை இழுக்க இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தார். ஓர் ஓட்டின் துண்டு அவர் கணுக்காலைக் கிழித்தது. தவறு அவர்கள் இருவருடையதும் அல்ல; கப்பி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, சுமையை வாங்க மேடையும் இல்லை. இரண்டையும் ஏற்பாடு செய்ய வேண்டியவன் நான்.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொள்ளாத ஒழுங்கு இதுதான். சுமையைக் கூரையின்மேல் வாங்கக் கூடாது. கூரை விளிம்பை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே சாரத்தின்மேல் மட்டமான ஒரு மேடை அமைத்து, அதில்தான் வாங்க வேண்டும். மேடை ஒருவர் திரும்பி நின்று குனியும் அளவுக்கு அகலமாக, குறைந்தது 1 மீட்டராவது இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் இடுப்புக்கு மேலே, ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பும், அதற்குப் பாதி உயரத்தில் இன்னொன்றும், பலகையோடு ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு அடிப்பலகையும் வேண்டும். அந்த அடிப்பலகை மனிதனுக்காக அன்று, உருண்டு போகும் ஓடு கீழே இருப்பவர் தலையில் விழாமல் இருப்பதற்காக. கப்பி மேடைப் பலகையிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் தொங்க வேண்டும். அப்போதுதான் தட்டு தடுப்புக் கம்பைத் தாண்டி மேலே வரும். வாங்குபவர் வெளியே எட்டாமல் அதை உள்ளே தள்ளி, பலகைக்கு நேராகக் கொண்டுவந்து, ‘இறக்கு’ என்று சொல்லலாம். தட்டு பலகையில் உட்கார்ந்து கயிறு தளர்ந்த பிறகே அவர் ஓட்டைத் தொட வேண்டும். எடை எந்த நொடியிலும் அவர் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கப்பியைக் கட்டும் இடத்தில் பலரும் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். தட்டோடு சேர்த்து 30 கிலோவை ஒற்றைக் கப்பியில் ஏற்றும்போது கப்பி கட்டிய மரத்தில் விழும் இழுப்பு 30 கிலோ அல்ல, 60 கிலோவுக்கு மேல். ஏனென்றால் சுமை ஒருபுறம் இழுக்க, ஆள் மறுபுறம் அதே அளவு இழுக்கிறார். உராய்வுக்குக் கொஞ்சம் சேரும்; கயிறு வெடுக்கென்று இழுக்கப்பட்டால் இது இரட்டிப்பாகவும் கூடும். சாரத்திலிருந்து வெளியே நீட்டிய கம்பில் இந்த இழுப்பு விழும்போது அது சாரத்தையே சுவரிலிருந்து பிரித்து வெளியே கவிழ்க்கப் பார்க்கும். ஆகவே சாரத்தைச் சுவரோடு, அல்லது கட்டடத்தின் உறுதியான பகுதியோடு, கப்பிக்குப் பக்கத்திலேயே இரண்டு இடங்களில் கட்டாமல் முதல் சுமையை ஏற்றாதீர்கள். சுமையைப் பாதியாக்க இரட்டைக் கப்பி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், இழுக்கும் பாரம் ஏறத்தாழ பாதியாகும், இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் இரண்டு மடங்காகும். 25 கிலோவுக்குக் கீழே என்றால் அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைவிட, தானே பிடித்துக்கொள்ளும் பூட்டுள்ள கப்பி கிடைத்தால் அதை வாங்குங்கள். கை தவறினாலும் சுமை நின்ற இடத்தில் நிற்கும். அது கிடைக்காவிட்டால், கீழே உறுதியாக நட்ட கம்பத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்கச் செய்யுங்கள். அந்த ஒரு சுற்றின் உராய்வு, சுமையை நிறுத்திப் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்ளும்.

இழுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். கப்பியிலிருந்து நேரே கீழே வரும் கயிற்றை இழுப்பவர் சுமைக்கு அடியிலேயே நிற்கிறார். சுவரடியில் இன்னொரு கப்பியைத் தரையோடு கட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பிவிட்டால் அவர் தள்ளி நின்று இழுக்கலாம். எவ்வளவு தள்ளி என்பதற்கு உங்கள் கூரையையே வைத்துப் பார்ப்போம். முகட்டுக்குப் பக்கத்தில் நழுவும் ஓடு 40 டிகிரிச் சரிவில் 5 மீட்டர் வழுக்கி வந்து விளிம்பைத் தாண்டினால், அது சுவரை ஒட்டி விழாது. வந்த வேகத்தில் வெளியே பாயும். உராய்வைக் கழித்துக் கணக்கிட்டாலும் சுவரிலிருந்து மூன்றரை முதல் நாலரை மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். சுவரிலிருந்து விலகி நிற்கிறோம் என்று நினைத்து மூன்று நான்கு மீட்டரில் நிற்பவர் சரியாக அது விழும் இடத்தில் நிற்கிறார். நான் 6 மீட்டருக்குக் கயிறு கட்டித் தடுத்துவிடுவேன். இழுப்பவர் அதற்கு வெளியே நிற்பார். தட்டில் ஓடு அடுக்க உள்ளே வரும்போது மேலே எந்த அசைவும் இருக்கக் கூடாது. தலைக்கவசம் மூவருக்கும் வேண்டும். ஆனால் 6 மீட்டரிலிருந்து விழும் ஓடு தரையை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதன்முன் கவசம் ஓரளவுக்குத்தான் உதவும்.

தட்டைப் பற்றி. சிமெண்டுச் சட்டியும் பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். அவற்றின் கைப்பிடி இந்த வேலைக்குச் செய்யப்பட்டதன்று. நான்கு பக்கமும் ஓட்டின் உயரத்துக்கு மேல் எழும்பிய மரப்பெட்டி ஒன்று செய்து, அடிப்பாகத்தைச் சுற்றி வரும்படி கயிற்றைக் கட்டி, நான்கு கயிறுகளும் பெட்டிக்கு மேலே கூடியவரை செங்குத்தாக எழுந்து உயரத்தில் ஒன்றுசேரும்படி செய்யுங்கள். கயிறுகள் எவ்வளவு படுத்தவாறு போகின்றனவோ அவ்வளவுக்கு அவற்றில் இழுப்பு கூடும்: இரண்டு கயிற்றில் தொங்கும் 100 கிலோ, கயிறுகள் கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 58 கிலோவாகவும், 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றிலும் 100 கிலோவாகவும் விழும். கொக்கிக்கு வாய்மூடி இருக்கட்டும். பெட்டி பலகையில் உட்கார்ந்து கயிறு தளரும்போது மூடியில்லாத கொக்கி தானே கழன்றுகொள்ளும். பெட்டியின் அடியில் ஒரு வழிக்கயிற்றைக் கட்டிக் கீழே விட்டால், அது சுழன்று சாரத்தில் இடிக்காமல் பிடித்துக்கொள்ளலாம். ஓடுகளைப் படுக்கவைக்காமல் புத்தகங்களைப்போல நிறுத்தி வையுங்கள். உடைவதும் குறையும், எடுப்பதும் எளிது.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வோர் ஓட்டையும் தரையிலேயே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஒலி மங்கும். கீறிய ஓட்டை மேலே கொண்டுபோய் அங்கே அது கையில் இரண்டாகப் பிளப்பதைவிட, கீழே ஒரு மணி நேரம் செலவிடுவது மேல். நனைந்த ஓட்டை ஏற்றுவதையும் தள்ளிப்போடுங்கள். களிமண் ஓடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீரைக் குடித்துக்கொள்ளும், மேற்பரப்பும் வழுக்கும்.

ஒரு ஓடு 2.5 கிலோ என்று வைத்தால் உங்கள் 1,400 ஓடுகள் 3,500 கிலோ. தடவைக்கு எட்டு ஓடு என்றால் 175 தடவை. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் என்று பார்த்தாலும் ஒன்பது மணி நேரத்துக்கு நெருங்கிவிடுகிறது. இதை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு நாளாவது பிரித்து, இருபது இருபத்தைந்து தடவைக்கு ஒருமுறை நிறுத்தி, முடிச்சு, கொக்கி, கப்பி கட்டிய இடம், சாரக் கட்டு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டுத் தொடருங்கள். எட்டுக்குப் பதில் பன்னிரண்டு ஓடு வைத்தால் என்ன என்ற எண்ணம் நிச்சயம் வரும், அதுவும் நேரமாகும் பிற்பகலில் வரும். கை வேலைக்கான எடை வரம்பைப் பற்றிப் பலரும் மேற்கோள் காட்டும், அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் சூத்திரம், 1991இல் திருத்தப்பட்டபோது, மிக வசதியான நிலையில்கூட 23 கிலோவையே மேல் எல்லையாகக் கொண்டது: மட்டமான தரை, உடலோடு ஒட்டிய சுமை, திரும்பாத இடுப்பு. சாய்தளத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

மேடைக்கு வந்த ஓடு கூரைமேல் ஏறுவது இரண்டாம் கட்டம். இதை முதல் கட்டத்தோடு கலக்காதீர்கள். பெட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது மேடையில் இருப்பவர் கூரைக்கு ஓடு கொடுக்கக் கூடாது. மூன்று பேர் மட்டுமே இருப்பதால், மேடையில் ஐம்பது அறுபது ஓடு சேர்ந்ததும் கயிற்றைக் கட்டிவைத்துவிட்டு, பிறகு கூரைக்குக் கைமாற்றுவது நல்லது. அறுபது ஓடு 150 கிலோ. ஆட்களின் எடையோடு இதையும் சேர்த்து மேடை தாங்குமா என்று சாரம் கட்டுபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூரையில் ஏற, முகட்டைத் தாண்டி மறுபுறம் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும் கூரை ஏணி வேண்டும். சாதாரண ஏணியைக் கயிற்றால் கட்டிப் படுக்கப்போட்டு ஏறுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரீப்பர்களை மிதிக்கலாமா என்பதில் வேலைக்காரர்களிடையே இரண்டு கருத்து உண்டு. புதிய, கணு இல்லாத ரீப்பரை, அது கைமரத்தில் (முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரத்தில்) ஆணி அடித்து நிற்கும் இடத்தில் மிதிக்கலாம் என்பது என் அனுபவம். இரண்டு கைமரங்களுக்கு நடுவில் ஒருபோதும் வேண்டாம். வெறுங்காலே நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அதை முழுவதும் மறுக்க மாட்டேன். ஆனாலும் ஆணியும் ஓட்டுச் சில்லும் கிடக்கும் இடத்தில், ஒரு குத்துக்குக் காலைச் சட்டென்று தூக்கினால் என்ன ஆகும் என்று நினைத்து, மென்மையான ரப்பர் அடியுள்ள காலணியையே வற்புறுத்துவேன்.

40 டிகிரியில் எடையின் பெரும்பகுதி கீழ்நோக்கி இழுக்கிறது என்பதைக் கையால் உணர்ந்து பார்த்தால்தான் புரியும். பத்து ஓடுகளை அடுக்கிச் சரிவில் வைத்தால், 25 கிலோவில் 16 கிலோ சரிவின் வழியே கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். உராய்வை நம்பி எதையும் வைக்க முடியாது. ஓட்டின் அடியில் இருக்கும் குமிழை ரீப்பரில் மாட்டி, ஐந்து ஆறுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், அடுக்குகளைக் கைமரங்களின்மேல் பரப்பி வையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றி அடுக்கிவிட்டுப் பிறகு வேய்வதா, ஏற்ற ஏற்ற வேய்வதா என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. சாய்வு குறைந்த கூரையில் முதல் முறை வேகமானது, பாதுகாப்பானதும்கூட. உங்கள் கூரையைப்போன்ற சாய்வில், அடுத்த அரை மணி நேரத்தில் வேய்வதற்கு வேண்டியதை மட்டும் மேலே வைத்திருப்பதே சரி என்று நான் நினைக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாம் கருத்து இல்லை: ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இரு பக்கமும் மாறி மாறிச் சில வரிசைகளாக எடை ஏறினால்தான் கூரைச் சட்டம் ஒருபுறம் தள்ளப்படாமல் நிற்கும். குறுக்குச் சட்டங்களை அடித்து முடிக்காத கூரையின்மேல் ஓடு அடுக்கி, கைமரங்கள் சீட்டுக்கட்டுபோலச் சாய்ந்த நிகழ்வுகள் கூரை வேலையில் புதிதல்ல.

மேலே இருப்பவர்களின் பாதுகாப்பு வாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம். விழுந்தால் அது முதுகெலும்பையும் வயிற்றையும் நசுக்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும். ஆனால் அதை மாட்டியதாலேயே காப்பாற்றப்பட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. 1.8 மீட்டர் வாரும், விழும் வேகத்தைத் தாங்க விரியும் பகுதி ஒரு மீட்டருக்கு மேலும், மனிதனின் உயரமும், கொஞ்சம் இடைவெளியும் சேர்ந்தால் விழுபவர் நிற்பதற்கு முன் 5.5 முதல் 6 மீட்டர் தேவைப்படும். உங்கள் இறவாணமே 6 மீட்டர். பின்பக்கச் சாய்ப்பு அதைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். ஆகவே விழுந்தபின் பிடிக்கும் ஏற்பாட்டைவிட, விளிம்பைத் தாண்டவே விடாத ஏற்பாடுதான் உங்களுக்கு ஏற்றது: முகட்டில் உறுதியான மரத்தைச் சுற்றிக் கட்டிய உயிர்க்கயிறு, அதில் வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும் பிடி, கால் விளிம்பை எட்டாத அளவுக்குக் குறுகிய வார். அந்தக் கயிற்றை ரீப்பரில் கட்டக் கூடாது. சுமை தூக்கும் கப்பி கட்டிய மரத்திலும் கட்டக் கூடாது. சுமை தவறிக் கீழே போகும்போது அந்த மரமும் போனால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். ஒருவர் தொங்கிவிட்டால் அவரைச் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும், கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காக ஓர் ஏணி சும்மாவே எடுக்கும் தூரத்தில் கிடக்கட்டும்.

ஏறி இறங்கும் ஏணி நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே தள்ளியிருக்க வேண்டும். மேடைக்கு மேலே ஒரு மீட்டர் நீண்டிருக்க வேண்டும். மேலே கட்டியிருக்க வேண்டும். அதில் ஏறும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது, இரண்டே இரண்டு ஓடுகூட.

தகடுகளுக்கு வேறு முறை. 3.6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஏறத்தாழ 16 கிலோதான். அதன் எடை ஒரு பிரச்சினையே அல்ல, காற்றுதான் பிரச்சினை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தத் தகட்டின் முகத்தில் அடித்தால் 22 கிலோ அளவுக்குத் தள்ளும்; காற்று இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகும். சிறு கிளைகள் அசைந்து புழுதியும் காகிதமும் கிளம்பும் அளவுக்குக் காற்று வீசினால் அன்று தகடு வேலையை நிறுத்திவிடுங்கள். தகட்டைக் கப்பியில் தொங்கவிடாமல், விளிம்பில் சாய்த்துக் கட்டிய இரண்டு நீண்ட கம்புகளின்மேல் வழுக்கியபடி, மேலிருந்து இருவர் இரண்டு கயிறுகளால் இழுக்க, கீழிருந்து ஒருவர் முனையைத் திசைகாட்டி அனுப்பினால் அது சுழலாது. கயிற்றைத் தகட்டின் துளையில் நேரடியாகக் கோக்காதீர்கள். அந்த விளிம்பு கத்திதான். தகடு பிடிக்கும் கவ்வி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தடித்த சாக்கை மடித்து விளிம்பில் வைத்துக் கட்டுங்கள். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பியிலிருந்துகூட தகடும், அலுமினிய ஏணியும், நனைந்த கயிறும் எந்த நிலையிலும் 3 மீட்டருக்குள் வரக் கூடாது. தகடு சுழலும் தூரத்தையும் சேர்த்தே இதை அளக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் மின்சாரத்தை நிறுத்தும்படி வாரியத்தாரைக் கேட்டு, நிறுத்திய பிறகே தொடங்குங்கள்.

கிரேன் வராத இடத்துக்கும் ஏணியைப்போலச் சுவரில் சாய்த்து வைத்து, தண்டவாளத்தில் ஒரு தட்டை மோட்டாரால் ஏற்றும் சாய்வுத்தூக்கி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 150 கிலோவுக்கு மேல் தூக்கும் வகைகள் உண்டு. உங்கள் 175 தடவை முப்பதுக்குள் அடங்கிவிடும். கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் அப்போதும் மேடையும் தடுப்பும் வேண்டும், ஏனென்றால் மேலே போய்ச் சேர்ந்த சுமையை வாங்குவது அதே மனிதர்கள்தான். அதில் ஆள் ஏறிப் போகக் கூடாது.

குரல் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். ‘தூக்கு’, ‘இறக்கு’ என்று சொல்லும் உரிமை மேடையில் இருப்பவருக்கு மட்டும். ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும், வழியில் போகும் பிள்ளைக்கும்கூட. ஒவ்வொரு சுமையையும் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, நிறுத்தி, சாய்கிறதா, முடிச்சு நழுவுகிறதா என்று பார்த்துவிட்டே மேலே அனுப்புங்கள். முதல் நாள் காலையில், ஆள் யாரும் மேலே இல்லாதபோது, வழக்கமான சுமையின் இரண்டு மடங்கைப் பெட்டியில் வைத்து இதே ஒரு முழ உயரத்தில் ஐந்து நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். கப்பிக் கம்பு வளைவதும் சாரக் கட்டு தளர்வதும் அப்போதே தெரிந்துவிடும். பனி காயும் முன் கூரையில் ஏறாதீர்கள்.

இனி நான் உறுதி சொல்ல முடியாது என்று தொடக்கத்தில் குறிப்பிட்ட பகுதி. 3.5 டன் எடையைத் தாங்கப்போகும் கைமரங்களும் விட்டமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது உங்கள் எழுத்தில் இல்லை. பழைய ஓட்டை இறக்கிவிட்டு அதே எடையுள்ள ஓட்டைப் போடுகிறீர்கள் என்றால் கவலை குறைவு. தகடு அல்லது ஓலை இருந்த கூரைக்கு ஓடு மாற்றுகிறீர்கள் என்றால், ஒரு பொறியாளரோ கூரை அனுபவம் உள்ள தச்சரோ பார்த்துச் சொல்லாமல் ஓர் ஓடுகூட ஏற்ற வேண்டாம். நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைமரங்கள் சுவரில் உட்காரும் இடத்தில், நீர் கசிந்து கருத்திருக்கும் பகுதிகளைத் தேடி, ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. அரை அங்குலம் தடையில்லாமல் இறங்கினாலோ, தட்டும்போது உள்ளே பொள்ளென்று ஒலித்தாலோ, அங்கே கரையானோ உளுப்போ இருக்கிறது. அந்த மரத்தை மாற்றிய பிறகே கப்பியைக் கட்டுங்கள். எந்த மரத்தில் எவ்வளவு இறங்கியது என்று குறித்து இங்கேயே எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்பதை என்னால் இயன்றவரை சொல்கிறேன்.